சஹனில் வைத்த கை

வயிறு கட்டிக்கொண்டு துடிப்பதைக்கூட மூஸா தாங்கிக்கொள்வான். கட்டிக்கொண்டது என்று இன்னொருத்தரிடம் சொல்வதுதான் அவனுக்குப் பெரும்பாடு. காலில் முள் குத்தினால் ஊருக்கே காட்டலாம். கையில் கட்டுப் போட்டிருந்தால் டீக்கடையில் நாலு பேர் விசாரிப்பார்கள், அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு. குடலில் நோய் என்று எந்த மனுஷன் வாயைத் திறந்து சொல்வான்? சொன்னால் அடுத்த கேள்வி எங்கே போய் நிற்கும் என்று யாருக்குத்தான் தெரியாது?

அதிராம்பட்டினத்தில் கல்யாணமான ஆண்பிள்ளை பெண்டாட்டி வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். மூஸாவும் பதினேழு வருஷமாக ஹபீபுன்னிசாவின் வீட்டு மாப்பிள்ளை. மாமியார் இருக்கிறாள், வயசுக்கு வந்த மகள் கமருன்னிஸா இருக்கிறாள், கொல்லையில் ஒரே ஒரு கக்கூஸ் இருக்கிறது. அந்த வீட்டில் ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கொல்லைப்பக்கம் போய்வருகிற மாப்பிள்ளையின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். தன் சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று வாளியில் குழாயைத் திறந்துவிடுவான். குழாயில் தண்ணீர் வராத நாளில் இருமுவான். மாப்பிள்ளைக்கு நெஞ்சுச்சளி என்று மாமியார் பாவம் திப்பிலி இடித்துக் கொடுத்தாள்.

முதலில் டி.பி. என்றுதான் சொன்னார்கள். ஒன்பது மாசம் மாத்திரை தின்றான். மருந்துக்கடையில் சொன்னது டீக்கடைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? மூஸாவுக்கு மட்டும் தனிக் கிளாஸ் வந்தது. அந்த வருஷம், அவன் வயல் இருக்கிற கரைமேட்டு கிராமத்து தர்காவில் கந்தூரி விருந்து நடந்தபோது, எல்லாரும் சஹனைச் சுற்றி உட்கார, அவன் முன்னால் ஒரு தனித்தட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். சஹன் என்றால் பெரிய தாம்பாளம். நாலு பேர் சுற்றி உட்கார்ந்து, நாலு பேரும் அதிலேயே கை போட்டுச் சாப்பிடுவது. பணக்காரன், ஏழை, உள்ளூரான், வெளியூரான் எல்லாம் அதில் கிடையாது. பிறந்ததிலிருந்து சஹனில் உண்டு வளர்ந்தவனுக்குத் தனித்தட்டு வைப்பது, எழுந்து போடா என்று சொல்வதற்குச் சமம்.

அன்றைக்குக் காயாரோகணம் ஒருவர்தான் தன் சஹனை விட்டு எழுந்து வந்தார். கரைமேட்டுக்காரர், மூஸாவின் வயலுக்கு அடுத்த வயல். கந்தூரிக்கு வருஷம் தவறாமல் வருகிறவர். மூஸாவின் தட்டுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேட்காமல் கொள்ளாமல் அவன் சோற்றில் கையை வைத்துப் பிசைந்தார்.

"என்னண்ணே பண்றீங்க? தொத்திக்கும்ங்கறாங்க."

"தொத்துனா தொத்திட்டுப் போவுது பாய். சேத்துல எறங்கி ஒண்ணா வாய்க்கா வெட்டுறோம், அங்க தொத்தாததா இங்க தொத்தப்போவுது? கறிய இப்படித் தள்ளுங்க."

மூஸா தலையைக் குனிந்துகொண்டு அழுதான். காரம் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தான்.

பிறகுதான் தஞ்சாவூர் டாக்டர், இது டி.பி. இல்லை, கிரோன்ஸ் என்று ஒரு வியாதி, யாருக்கும் ஒட்டாது என்று கண்டுபிடித்துச் சொன்னார். குடல் தானாகப் புண்ணாகும், ஆறி ஆறித் தடிக்கும், கடைசியில் வழி குறுகிப்போகும். ஒன்றரை அடி குடலை வெட்டி எடுத்தார்கள். மூன்று மாசம் வயிற்றில் ஓட்டை போட்டு ஒரு பையை மாட்டிவிட்டார்கள், கழிவு அதில் இறங்க. பிறகு உள்ளே சேர்த்துத் தைத்தார்கள். ஊருக்கு என்ன சொன்னான் என்கிறீர்கள்? குடல்வால் ஆபரேஷன். பையோடு இருந்த மூன்று மாசமும் சென்னையில் மச்சான் கடையில் வேலை என்று சொல்லி, தஞ்சாவூரில் ஒரு வாடகை அறையில், பெண்டாட்டிக்கு மட்டும் தெரிய, ஒளிந்துகிடந்தான். தொற்றுநோய் இல்லை என்று தைரியமாகச் சொல்லியிருக்கலாம் அல்லவா? சொன்னால் மறுபடியும் தனித்தட்டு வருமோ என்று பயம். நோய் என்ற பேச்சே அவனைப் பொறுத்தவரை தனித்தட்டுதான்.

தைத்த இடம் சுருங்க ஆரம்பித்தது. கீரைத்தண்டு ஆகாது, வாழைப்பூ ஆகாது, தேங்காய்ச் சில்லு ஆகாது, நார் ஓடிய கறி ஆகவே ஆகாது என்று டாக்டர் எழுதியே கொடுத்தார். எது போய் அடைத்துக்கொள்ளும் என்று சொல்ல முடியாது. முதலில் வயிறு கடமுட என்று உருளும். அப்புறம் வலி அலை அலையாக வரும். உடனே சாப்பாட்டை நிறுத்திவிடுவான். கைலியைத் தளர்த்திக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கி, வெந்நீர்ப் பையை வயிற்றில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மடக்காகத் தண்ணீர் குடித்துக் காத்துக்கிடப்பான். எதற்காக என்று கேட்டால் சிரிக்கக்கூடாது. காற்றுப் பிரிவதற்காக. பிரிந்துவிட்டால் வழி திறந்துவிட்டது என்று அர்த்தம். பிரியாமல், பச்சையாக வாந்தியும் வந்துவிட்டால் தஞ்சாவூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான்.

காற்றுப் பிரிந்தால் ஒளு முறிந்துவிடும், மறுபடி கைகால் கழுவாமல் தொழ முடியாது. சின்ன வயசிலிருந்து அதை அடக்கி அடக்கிப் பழகியவன், இப்போது அது ஒன்றுக்காக அல்லாவிடம் கையேந்துகிறான். அடக்கமாட்டாத வயிற்றை வைத்துக்கொண்டு பள்ளிவாசலில் முன்வரிசையில் நிற்கப் பயந்து, கடைசி வரிசையில், வாசலை ஒட்டி நின்றான். அதையும் ஊர் பார்த்தது.

இந்த லட்சணத்தில்தான் இறால் பண்ணை வந்து சேர்ந்தது. தொண்ணூற்றைந்தாம் வருஷம். கோட்டையில் யார் உட்கார்ந்தாலும் உழுகிறவன் பக்கம் நாங்கள் என்று மேடையில் முழங்குவதற்கு மட்டும் குறைச்சல் கிடையாது. கரைமேட்டில் நடந்தது வேறு. உப்பங்கழிப் பக்கமிருந்து ஒரு கம்பெனி வயல்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே வந்தது. வாங்கிய வயலைக் குளமாக வெட்டி உப்புத்தண்ணீரை நிரப்பினால், அடுத்த போகம் பக்கத்து வயலில் நெல் பால் பிடிக்காது, பதராக நிற்கும். அப்புறம் அந்த வயல்காரனும் விற்றுவிட்டுப் போவான். கம்பெனி அடிதடி எதுவும் செய்ய வேண்டியதில்லை. உப்பே போய்ப் பேசி முடித்துவிடும்.

மிஞ்சிய நெல்வயல்களுக்கும் உப்புக்கும் நடுவே மூஸாவின் மூன்று ஏக்கர் கிடந்தது, உம்மா வழியில் வந்த நிலம். அதை ஒட்டிக் காயாரோகணத்தின் முக்கால் ஏக்கர். அதற்கு மேலே இன்னும் பத்துப் பதினைந்து வீட்டாரின் துண்டுதுண்டு வயல்கள். எல்லாரும் தர்கா வாசலில் கூடி, யாரும் விற்பதில்லை என்று வாய்வார்த்தை கொடுத்தார்கள். முதல் வார்த்தை மூஸாவுடையது.

"நான் வித்தாத்தான் உப்பு ஒங்ககிட்ட வரும். நான் விக்கமாட்டேன்."

சத்தியமாக அவன் விற்பதாக இல்லை. ஆனால் மாசத்துக்கு ரெண்டு தடவை தஞ்சாவூர் போனான். எதற்கு என்று சொல்லவில்லை. கம்பெனி ஆபீஸும் தஞ்சாவூரில்தான், அதன் தரகர் செல்லதுரையும் அதே பஸ்ஸில் போகிறவர். வெள்ளைச் சட்டையும், எதற்கும் ஒரு சிரிப்புமாக இருக்கிற ஆள். ஒருநாள் மூஸாவின் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். ஒரத்தநாட்டில் பஸ் நின்றபோது டீ வாங்கி நீட்டினார். மூஸா குடிக்கவில்லை, ஆனால் கிளாஸைக் கையில் வாங்கிவிட்டான். அது போதாதா? மூஸா பாய் எதற்குத் தஞ்சாவூர் போகிறார் என்று கரைமேட்டில் யாரோ கேட்டதற்கு, "அது எங்களுக்குள்ள" என்று செல்லதுரை சிரித்துவிட்டுப் போனாராம். அந்தப் பாவித் தரகருக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது.

காயாரோகணம் அதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. நேரே வந்து கேட்டார். மூஸா வரப்பில் உட்கார்ந்திருந்தான்.

"அடிக்கடி தஞ்சாவூர் போறீங்களாமே பாய்?"

"ஒரு ஜோலிண்ணே."

"என்ன ஜோலின்னு கேக்குறேன்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. எதிரே நிற்பவர் தன் தட்டில் கை போட்டவர். வாய்வரை வந்தும்விட்டது. ஆனால் எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது? ஆய் போகிற வழி அடைத்துக்கொள்கிறது என்றா? வயிற்றில் பை கட்டிக்கொண்டு திரிந்தேன், நீங்கள் சென்னை என்று நினைத்துக்கொண்டிருந்தீர்கள் என்றா?

"சொந்த ஜோலி," என்றான் மூஸா.

"சரி, விடுங்க," என்று காயாரோகணம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். பதினைந்து வருஷத்தில் அவர் அவனிடம் அப்படி முகம் சுண்டிப் போனதில்லை. மூஸாவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அந்த வருஷத்துக் கந்தூரி வந்தது. ஹபீபுன்னிசா தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னாள்.

"ஒண்ணு போகாதீங்க. இல்ல, போறதா இருந்தா வயிறு சரியில்லன்னு வாயத் தொறந்து சொல்லுங்க. கொலையா பண்ணிட்டோம்? நோயிதானே?"

"போகலன்னா வித்துட்டான்னு சொல்லுவாங்க."

"அப்ப சொல்லுங்களேன்!"

"சொல்றேன், சொல்றேன்," என்று கிளம்பிப் போனான்.

தண்ணீர்ச் செம்பைத் தூக்கிக்கொண்டு பரிமாறுகிறவர்களோடு சுற்றிவந்தால் தப்பித்துவிடலாம் என்பது அவன் கணக்கு. நெய்ச்சோறும் கறியும் தாளிச்சாவும் மணத்தன. காயாரோகணம் ஒரு சஹன் முன்னால் உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டு, அந்த இடத்தில் தன் துண்டைப் போட்டு வைத்திருந்தார்.

"பாய், வாங்க. ஒக்காருங்க."

"நீங்க சாப்புடுங்கண்ணே. நான் பொறவு சாப்புடுறேன்."

"நீங்க கை வச்சாத்தான் நான் வப்பேன்."

சத்தமாகத்தான் சொன்னார். பக்கத்துச் சஹன்களில் பேச்சு நின்றுபோயிற்று. அது சாப்பாட்டுக்கான அழைப்பு மட்டும் இல்லை என்று எல்லாருக்கும் தெரியும். சண்டையில் பேச்சு முறிந்தவர்கள் ஒரே சஹனில் கை வைத்துவிட்டால் சண்டை தீர்ந்தது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மனசில் கள்ளம் வைத்துக்கொண்டு எவனும் சஹனில் கை வைக்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. கரைமேடு மொத்தமும் மூஸாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மூஸா துண்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தான். பிஸ்மி சொல்லிக் கையை வைத்தான். காயாரோகணத்தின் முகம் மலர்ந்துபோயிற்று. தன் பக்கம் கிடந்த நல்ல கறித்துண்டாகப் பார்த்து மூஸாவின் பக்கம் தள்ளினார். வேண்டியவனுக்குக் கறியைத் தள்ளுவதுதான் சஹனில் மரியாதை.

இப்போது மூஸா செய்த காரியம் இருக்கிறதே, அதை நினைத்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. சோற்றை அளைந்தான். பிசைந்தான். உருட்டினான். கையை வாய்க்குக் கொண்டுபோவதுபோல் கொண்டுபோய், ரெண்டு பருக்கையை உதட்டில் ஒட்டிக்கொண்டு, மிச்சத்தைச் சஹனிலேயே விட்டான். பேச்சுக் கொடுத்தான். தண்ணீர் குடித்தான். கறித்துண்டு அப்படியே கிடந்தது. தன்னை யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தான், மடையன். பதினைந்து வருஷம் எதிரே உட்கார்ந்து உண்டவருக்குத் தெரியாதா, கை சோற்றில் இருக்கிறது, சோறு வாய்க்குப் போகவில்லை என்று?

காயாரோகணத்தின் கை மெதுவாக நின்றது. விரித்திருந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கை கழுவ எழுந்தார்.

"அண்ணே," என்றான் மூஸா. அவசர அவசரமாக அந்தக் கறித்துண்டை எடுத்து வாயில் போட்டான். நாரும் சவ்வுமாக இருந்தது. மெல்லக்கூட இல்லை, அவர் பார்க்கட்டும் என்று முழுங்கினான். அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. கை கழுவிய ஈரத்தோடு செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

மறுநாள் விடியும்போது வயிறு கல்லாகிக் கிடந்தது. வெந்நீர்ப் பையும் முழங்கால் மடக்கலும் எடுபடவில்லை. பச்சை வாந்தி வந்ததும் ஹபீபுன்னிசா அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு எட்டு மணி பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டிக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததைக் கரைமேட்டு நிறுத்தத்தில் நாலு பேர் பார்த்தார்கள். கந்தூரி முடிந்த மறுநாளே பெண்டாட்டியையும் கூட்டிக்கொண்டு தஞ்சாவூர். பத்திரத்தில் அவளும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்போல என்று பேசிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். உள்ளே தேங்கியிருந்த பச்சைத்தண்ணீர் குழாய் வழியாக இறங்கிக் கட்டிலோரப் பையில் நிறைந்தது. கையில் டிரிப். வாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அறுவை இல்லாமல் திறந்துவிட்டால் உன் அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். ஒரு நாளைக்கு மூன்று தடவை நர்ஸம்மா வார்டின் அந்தக் கோடியிலிருந்தே குரல் கொடுப்பாள்.

"ஒம்பதாம் நம்பர்! காத்துப் பிரிஞ்சுதா?"

இருபது கட்டில், இருபது பேர், அவர்களைப் பார்க்க வந்த ஐம்பது பேர். எல்லாரும் ஒன்பதாம் நம்பரைத் திரும்பிப் பார்ப்பார்கள். மூஸா கண்ணை மூடிக்கொண்டு இல்லை என்று விரலை ஆட்டுவான். பக்கத்துக் கட்டில் கிழவர், "முக்காதீங்க தம்பி, தானா வரும்," என்று யோசனை வேறு சொன்னார். பூமி பிளந்து உள்ளே போய்விடலாம்போல இருந்தது அவனுக்கு.

நாலாம் நாள் திங்கட்கிழமை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஹபீபுன்னிசா எஸ்.டி.டி. பூத்துக்குப் போனாள். வீட்டுக்குப் போன் போட்டு, காயாரோகணத்தின் சம்சாரம் எல்லையம்மாளிடம் எல்லாவற்றையும் உடைத்துச் சொல்லிவிடும்படி தன் உம்மாவிடம் சொன்னாள். செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் மூஸாவுக்குக் காற்றுப் பிரிந்தது. மெல்லியதாக, யாருக்கும் கேட்காமல். ஹபீபுன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூஸாவும் சிரித்தான், அழுதான். என்ன பிழைப்புடா இது என்று இருந்தாலும் சந்தோஷம் சந்தோஷம்தான்.

அன்று பகல் பத்து மணிக்குக் காயாரோகணம் வந்தார். கையில் ஒரு பையில் ஆரஞ்சு. மூக்கில் குழாயோடு கிடந்தவனைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். கட்டிலோரப் பையில் தொங்கிய பச்சைத்தண்ணீரைப் பார்த்தார். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"என்ன பாய் இது?"

ஹபீபுன்னிசா எழுந்து தாழ்வாரத்துக்குப் போனாள். மூஸா சொன்னான். முதல்முறையாக ஒரு வெளி மனுஷனிடம் முழுசாகச் சொன்னான். டி.பி. இல்லை என்பதை, வெட்டிய குடலை, மூன்று மாசப் பையை, சென்னை என்று சொன்ன பொய்யை, குழாயைத் திறந்துவிட்டு இருமியதை, கந்தூரியில் சோற்றை அளைந்ததை. தொண்டையில் குழாய் உரசி உரசிக் குரல் கரகரத்தது. சொல்லச் சொல்ல, இவ்வளவுதானா என்று அவனுக்கே இருந்தது. காயாரோகணம் முகத்தைச் சுளிக்கவும் இல்லை, நகர்ந்து உட்காரவும் இல்லை.

கேட்டுக்கொண்டே அவர் ஒரு ஆரஞ்சை உரித்து ஒரு சுளையை நீட்டினார்.

"தண்ணி குடிக்கவே நாளைக்குத்தாண்ணே விடுவாங்க. அப்பறமும் அது எனக்கு ஆகாது. அதுல நார் இருக்கு. போய் அடைச்சிக்கும்."

சுளை அவர் கையிலேயே நின்றது.

"அன்னைக்கும் இதத்தான பாய் சொல்லணும்? கறியில நார் இருக்கு, எனக்கு ஆகாதுன்னு. இவ்வளவுதான?"

காயாரோகணம் சுளையைத் தோலின்மேல் வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்தார். இடது கைப் பெருவிரலை வலது கையால் மூடிக்கொண்டிருந்தார். அதன் நுனியில் நீல மை இன்னும் போகவில்லை.

"நேத்து பகல்ல பட்டுக்கோட்டைக்குப் போய்க் கிரயம் பண்ணிக் குடுத்துட்டேன்," என்றார். "நீங்க வித்துட்டீங்கன்னு நெனச்சேன். உப்பு ஏறுனப்பறம் எவன் வாங்குவான்னு செல்லதுரை கேட்டான். அது நெசந்தானே? ரேகை வச்சுட்டு சாயங்காலம் வீட்டுக்குப் போறேன், எல்லையம்மா வாசல்ல நின்னு அழுவுறா. என்னடின்னா, மூஸா பாய் ஆஸ்பத்திரில கெடக்குறாரு, கொடல் நோயாம், வருஷக்கணக்கா இருக்குதாம்ங்கறா."

"அண்ணே…"

"அரை நாள் பாய். அரை நாள் முந்தித் தெரிஞ்சிருந்தா போதும்." அவர் குரல் உயரவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஒங்க வயலுக்கு நல்ல தண்ணி என் வயல் வழியாத்தான வரணும். இனிமே அதுவும் வராது. மேல இருக்குற சனத்துக்கும் இதே கதிதான். அவங்க மொகத்துல எப்படி முழிக்கிறதுன்னு தெரியாம, ஒங்களப் பாக்க வந்துட்டேன்."

மூஸாவுக்கு அந்த வரப்பு ஞாபகம் வந்தது. மண்வெட்டியோடு எதிரே நின்று, என்ன ஜோலி என்று கேட்டது. பக்கத்தில் யாருமே இல்லாதது. சொந்த ஜோலி என்று தான் சொன்னது.

வார்டின் அந்தக் கோடியிலிருந்து நர்ஸம்மாவின் குரல் வந்தது.

"ஒம்பதாம் நம்பர்! காத்துப் பிரிஞ்சுதா?"

இருபது கட்டிலும் திரும்பிப் பார்த்தது.

"பிரிஞ்சுதும்மா," என்றான் மூஸா. "விடியக்காலைல பிரிஞ்சுது." வார்டு முழுக்கக் கேட்கும்படி, கணீரென்று சொன்னான். அதில் அவனுக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. காயாரோகணத்தின் முகத்தைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை.